பக்கத்து நாற்காலி: நியூயார்க் ஜாஸ் நாட்குறிப்பு

திங்கள், கிரீனிச் வில்லேஜ்

ஜாஸ் கலைஞர் ஒருவர் எப்படி உருவாகிறார், அவரைக் கைதூக்கி விடுபவர் யார், வீட்டு வாடகைக்கு அவர் என்ன செய்கிறார் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்க்கவே நியூயார்க் வந்திருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிட உத்தேசம்.

திங்கள் இரவு என்றால் வில்லேஜ் வேன்கார்டுதான். ஏழாவது அவென்யூவில் ஒரு சிவப்புக் கதவு, உள்ளே செங்குத்தாக இறங்கும் குறுகலான படிகள், கீழே ஆப்பு வடிவில் ஒரு நிலவறை. மேக்ஸ் கார்டன் 1935இல் தொடங்கிய இடம் இது. 123 பேர்தான் உட்காரலாம். சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனும் பியானோ மேதை பில் எவன்ஸும் 1961இல் இங்கே பதிவு செய்த இசையை இன்றும் மாணவர்கள் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிப் படிக்கிறார்கள். கலைஞர்களுக்கு ஓய்வறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. சமையலறையாக இருந்த அறையில்தான் வாத்தியப் பெட்டிகள், அலுவலகம், அரட்டை எல்லாம்.

திங்கள் இரவு இங்கே வேன்கார்டு ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு உரியது. டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் தொடங்கிய குழு. பகலில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிழைப்புக்காக வாசித்தவர்கள், மனம் நிறைய வாசிக்க ஓர் இரவு வேண்டுமென்று வேலை குறைவான திங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஜோன்ஸ் 1970களின் இறுதியில் டென்மார்க் போய்விட்டார், லூயிஸ் 1990இல் காலமானார். குழு மட்டும் திங்கள் தவறாமல் நடந்துகொண்டிருக்கிறது.

முதல் வரிசையில் இடம் கிடைத்தது. கையை நீட்டினால் சாக்ஸபோனைத் தொட்டுவிடலாம். வரிசையில் ஒருவர் மட்டும் மிக இளையவர், இருபத்தைந்து வயது இருக்கலாம். அவருக்கு முன்னால் இருந்த இசைத்தாள்களில் முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பென்சில் குறிப்புகள் அடையடையாய்க் கிடந்தன. ஓரிடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வரையப்பட்டிருந்தது. உஷார், இங்கே தவறிவிடுவாய் என்பதற்கு இவர்களிடையே அதுதான் அடையாளம். அந்த இடம் நெருங்கியபோது பக்கத்து நாற்காலியில் இருந்த நரைத்த மனிதர், தன் வாத்தியத்திலிருந்து வாயை எடுக்காமலே, புருவத்தை மட்டும் உயர்த்தினார். இளைஞர் சரியாக உள்ளே நுழைந்தார்.

இடைவேளையில் அவரிடம் பேசினேன். அவர் நிரந்தர உறுப்பினர் இல்லை, 'சப்'. அதாவது ஒருவர் வர முடியாத நாளில் அவருக்குப் பதிலாக வாசிப்பவர். இன்று நண்பகலில்தான் அழைப்பு வந்ததாம், ஒத்திகை கிடையாது. "பக்கத்தில் இருப்பவர் எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கே நானும் எடுக்க வேண்டும். அது கூடிவராவிட்டால் அடுத்த அழைப்பு வராது" என்றார். யார் யாரை சப்பாக அனுப்புகிறார்கள் என்ற அந்தப் பட்டியல் எங்கும் அச்சில் இல்லை. இந்த நகரத்தில் ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியல்தான்.

செவ்வாய், ஒரு வாடகை அறையும் ஸ்மால்ஸும்

மாலையில் ஒரு வகுப்பு. பேரி ஹாரிஸிடம் பல ஆண்டுகள் படித்த ஒருவர், அவர் வழியிலேயே நடத்துவது. ஹாரிஸ் 1929இல் டெட்ராய்ட்டில் பிறந்த பியானோ கலைஞர். வாலிபத்திலேயே தன் வீட்டில் அக்கம்பக்கத்துப் பையன்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர், கடைசிவரை அதை விடவில்லை. நியூயார்க்கில் அவர் நடத்திய வாராந்தர வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் போக முடிந்தது. கொரோனா காலத்தில் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையிலும் இணையவழியில் பாடம் எடுத்தார். 2021 டிசம்பரில் அந்தக் கொரோனாவே அவரைக் கொண்டுபோனது.

அவருடைய பாடத்தின் அடிப்படையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆறாம் ஸ்வரம் சேர்ந்த மேஜர் கார்டு (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒன்று, டிமினிஷ்டு கார்டு ஒன்று, இரண்டையும் பின்னினால் எட்டு ஸ்வர வரிசை ஒன்று கிடைக்கும். அதில் கால் வைத்துக்கொண்டு பியானோவில் எங்கு வேண்டுமானாலும் நகரலாம். சொல்ல ஒரு வரி, பழக ஓர் ஆயுள். இன்றைய வகுப்பில் முப்பது பேர் பியானோவைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். தாளில் ஒன்றும் இல்லை. ஆசிரியர் ஒரு சொற்றொடரைப் பாட, எல்லோரும் திருப்பிப் பாட, பிறகுதான் வாத்தியத்தில் கை வைக்க அனுமதி. ஒரு பெண் எல்லா ஸ்வரங்களையும் சரியாக வாசித்தும் ஆசிரியர் நிறுத்தினார். "ஸ்வரம் சரி. பேச்சு வரவில்லை. கடைசி இரண்டையும் அமுக்கி வாசி." மறுபடி வாசித்தபோது அறை முழுவதும் "ஆ" என்றது. நானும்தான்.

சார்லஸ் மெக்ஃபெர்சன் என்ற ஆல்டோ சாக்ஸபோன் மேதை ஹாரிஸைப் பற்றிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பள்ளிப் பையனாக அவர் வீட்டுக்குப் போனபோது ஹாரிஸ் அவனுடைய மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார். எல்லாம் நடுத்தரம். நீ ரசிக்கும் சார்லி பார்க்கர் நடுத்தரமானவர் இல்லை, இந்த இசைக்கு நடுத்தரம் போதாது என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். பையன் அன்றிலிருந்து புத்தகங்களில் மூழ்கிவிட்டான். இசை ஆசிரியர் கணக்கு மார்க்கைக் கேட்டார் என்பதில்தான் எனக்கு ஹாரிஸின் முழு உருவமும் தெரிகிறது.

நள்ளிரவு நெருங்கும்போது மேற்கு 10ஆம் தெருவில் உள்ள ஸ்மால்ஸுக்குப் போனேன். மிட்ச் போர்டன் 1994இல் தொடங்கிய நிலவறை. அந்த நாட்களில் பத்து டாலர் கொடுத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். பிறகு பியானோ கலைஞர் ஸ்பைக் வில்னர் எடுத்து நடத்துகிறார். முக்கியக் கச்சேரிகள் முடிந்த பின் ஜாம், அதாவது ஒத்திகையின்றி வந்தவர்கள் சேர்ந்து வாசிக்கும் கூடல். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சுவரை ஒட்டி நின்ற இளைஞர்கள் ஓசை எழுப்பாமல் சாக்ஸபோன் பொத்தான்களை விரல்களால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பாடலின் நடுவிலேயே டிரம்ஸ் கைமாறியதைப் பார்த்தேன். வாசித்துக்கொண்டிருந்தவர் வலது கையால் சிம்பலில் தாளத்தைப் பிடித்தபடியே பாதி எழுந்தார், வந்தவர் இடது பக்கமாக நுழைந்து உட்கார்ந்தார், குச்சி கை மாறியது, தாளம் அறுபடவில்லை. புதியவர் பலமாக வாசித்தார், பியானோ காதில் விழவில்லை. விலகிப் போயிருந்த மூத்தவர் திரும்பி வந்து அவருக்குப் பின்னால் நின்று, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக அமர்த்திக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு தாளச் சுற்றுகளுக்குள் சத்தம் பாதியாகிவிட்டது. இசை வகுப்பில் அரை மணி நேரம் விளக்க வேண்டிய விஷயம் அது.

டிரம்பெட் கலைஞர் ராய் ஹார்க்ரோவ் உலகப் புகழ் பெற்ற பிறகும் இந்த ஜாமுக்கு வந்து பெயர் தெரியாத பிள்ளைகளோடு வாசிப்பாராம். 2018 நவம்பரில் 49 வயதில் அவர் இறந்தபோது, அவருடன் ஓரிரவாவது மேடையில் நின்ற ஒரு தலைமுறையே துக்கம் கொண்டாடியது.

புதன், வரவும் செலவும்

இன்று முழுவதும் பணப் பேச்சு. முந்தைய தலைமுறையில் படிப்பும் பிழைப்பும் ஒரே இடத்தில் இருந்தன. டிரம்ஸ் மேதை ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். லீ மோர்கன், வேய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்ட், பிறகு 1980இல் வின்டன் மார்சலிஸ், அவருக்குப் பின் டெரன்ஸ் பிளான்ச்சர்ட் என்று ஒவ்வொருவராக வந்து, கற்று, சம்பளம் வாங்கி, சொந்தக் குழு அமைக்கப் புறப்பட்டார்கள். இளையவர்களோடுதான் இருக்கப் போகிறேன், இவர்களுக்கு வயதானால் இன்னும் இளையவர்களைப் பிடித்துக்கொள்வேன் என்று பிளேக்கி 1954இலேயே மேடையில் அறிவித்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. 1990இல் சாகும்வரை அதைக் காப்பாற்றினார். டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் 1963இல் டிரம்ஸ் வாசிக்க டோனி வில்லியம்ஸைச் சேர்த்துக்கொண்டபோது பையனுக்கு 17 வயது.

அப்படிப்பட்ட குழுக்கள் இன்று அரிது. ஆண்டு முழுவதும் ஒரே குழுவைச் சம்பளம் கொடுத்துச் சாலையில் வைத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாவதில்லை. அந்த இடத்தைக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. டெக்ஸஸில் ஒரு கல்லூரி 1947இல் ஜாஸில் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது, நியூ ஸ்கூல் 1986இல் ஜாஸ் பிரிவைத் தொடங்கியது, ஜூலியார்டு 2001இல் கதவைத் திறந்தது. அற்புதமான ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் முன்பு கற்றுக்கொள்பவனுக்குச் சம்பளம் வந்தது, இப்போது அவன் கட்டணம் கட்டுகிறான். கடனோடு வெளியே வரும் பிள்ளைக்குத் துணிந்து சோதனை செய்ய எத்தனை ஆண்டு அவகாசம் இருக்கும்? இந்த மாற்றத்தின் பெரிய இழப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

கல்லூரிதான் மூத்த கலைஞர்களுக்கும் சோறு போடுகிறது. மதியம் ஒரு பாஸ் கலைஞரோடு சாப்பிட்டேன். அவர் பெயர் போட்ட இசைத்தட்டுகள் என்னிடம் உண்டு. இரண்டு கல்லூரிகளில் பகுதிநேரப் பாடம், பிராட்வே நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் சப், கோடையில் ஐரோப்பிய விழாக்கள், நடுவில் கல்யாண வரவேற்புகள். உணவகக் கச்சேரிகளில் வரும் தொகை இருபது ஆண்டுகளாக ஏறவே இல்லை என்றார். பெரிய பாஸைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயில் படிக்கட்டில் இறங்குவது ஐம்பது வயதில் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். 2022 இறுதியில் நியூ ஸ்கூல் பகுதிநேர ஆசிரியர்கள் மூன்று வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே ஆசிரியர்களில் மிகப் பெரும்பான்மையினர் பகுதிநேரக்காரர்கள். நியூயார்க் இசைக்கலைஞர் சங்கமான லோக்கல் 802, ஜாஸ் கூடங்களில் வாசிப்பவர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று நீண்ட காலமாகக் கேட்டு வருகிறது.

பெரிய பரிசுகள் இல்லாமல் இல்லை. டோரிஸ் டியூக் விருது 2023இலிருந்து 5,50,000 டாலர், மெக்ஆர்தர் விருது 8,00,000 டாலர். கிடைப்பவருக்கு வாழ்க்கையே மாறிவிடும். ஆனால் ஆண்டுக்கு ஜாஸிலிருந்து எத்தனை பேருக்கு? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வழிகாட்டுதலில் வாசிப்பைத் தாண்டிய ஒரு பகுதியும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. இளைஞன் ஹெர்பி ஹான்காக் என்ற பியானோ கலைஞரை நியூயார்க்குக்குக் கூட்டி வந்தவர் டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட். 1962இல் முதல் இசைத்தட்டுக்கு ஒப்பந்தம் போடப் போகும்போது, பாடல்களின் பதிப்புரிமையை மட்டும் விட்டுக்கொடுக்காதே, கேட்டால் மறுத்துவிட்டு எழுந்து வந்துவிடு என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான். ஹான்காக் அப்படியே செய்தார், நிறுவனம் இறங்கி வந்தது. அந்தத் தட்டிலிருந்த 'வாட்டர்மெலன் மேன்' அவருக்குப் பல்லாண்டுகள் படியளந்தது. மரியா ஷ்னைடர் இன்னோர் உதாரணம். இசையமைப்பாளர் கில் எவன்ஸுக்கு உதவியாளராக இருந்து, பாப் புரூக்மேயரிடம் பாடம் கேட்டு, பெரிய குழுவுக்கு எழுதக் கற்றவர். பிறகு ரசிகர்களிடமே முன்பணம் திரட்டித் தட்டு வெளியிட்டார். கடைகளுக்கே போகாத அந்தத் தட்டு 2005இல் கிராமி வாங்கியது.

வியாழன், பிராட்வேயில் ஐந்தாவது மாடி

ஜாஸ் கேலரி. ராய் ஹார்க்ரோவும் இரண்டு நண்பர்களும் 1995இல் தொடங்கியது. குடிக்கவும் உண்ணவும் வருபவர்களுக்கான இடம் இல்லை. மடக்கு நாற்காலிகள், நல்ல பியானோ, கூர்ந்து கேட்கும் கூட்டம். மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் இணைத்து, அதே குழுவாகப் பல இடங்களில் வாசிக்கவைக்கும் திட்டம் ஒன்று இங்கே உண்டு. இருவருக்கும் ஊதியம் உண்டு. என் கணக்கில் இந்த நகரத்தின் ஆகச் சிறந்த பள்ளிக்கூடம் இதுதான்.

சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் இங்கே திறந்த பயிலரங்குகள் நடத்தியிருக்கிறார். அவரிடம் வளர்ந்தவர்களில் விஜய் ஐயரைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் வயலின், பியானோ தானாகக் கற்றது, யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கோல்மன் அவரைத் தன் குழுவில் சேர்த்து ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். டிராம்போன் கலைஞரும் அறிஞருமான ஜார்ஜ் லூயிஸும் கைகொடுத்தார். ஆராய்ச்சியை இசைக்குத் திருப்பிக்கொண்டவர் 2013இல் மெக்ஆர்தர் விருது பெற்று, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். இருபதுகளில் இருந்த ஓர் இயற்பியல் மாணவரிடம் 'வா, வாசி' என்று சொல்ல ஒருவர் இருந்தார். அந்த அழைப்பு வராமல் போயிருந்தால் நமக்கு ஒரு நல்ல விஞ்ஞானி கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

இன்றிரவு பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு வம்சாவளியைக் குறித்துக்கொண்டேன். ஜாக்கி பயர்ட் என்ற பியானோ ஆசிரியர் ஆதிகால ஸ்ட்ரைட் நடையிலிருந்து கட்டற்ற இசைவரை ஒரே மூச்சில் போய் வரக்கூடியவர். பாஸ்டனில் அவரிடம் படித்தவர் ஃப்ரெட் ஹெர்ஷ். மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் அவரிடம் படித்தவர் ஜேசன் மோரன். ஹெர்ஷிடமிருந்து பிராட் மெல்டாவும் சல்லிவன் ஃபோர்ட்னரும். மோரன் மாணவராக இருக்கும்போதே சாக்ஸபோன் கலைஞர் கிரெக் ஆஸ்பி அவரை ஐரோப்பியப் பயணத்துக்கு அழைத்தார், 1999இல் மோரனின் முதல் தட்டு புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. இருபது ஆண்டு கழித்து மோரன் ஆல்டோ கலைஞர் இம்மானுவேல் வில்கின்ஸைத் தன்னோடு பயணம் அழைத்துச் சென்றார், 2020இல் வில்கின்ஸின் முதல் தட்டு 'ஒமேகா'வைத் தயாரித்தும் கொடுத்தார். அதே புளூ நோட். வாங்கிய கடனை வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுப்பதில்லை இவர்கள், அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள்.

பெட்டி கார்ட்டரை இங்கே சொல்லாமல் விட முடியாது. பாடகி, நிறுவனங்கள் கைவிட்டபோது சொந்தத் தட்டு நிறுவனம் நடத்தியவர். அவருடைய பின்னணிக் குழு எப்போதும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள்தான். மல்க்ரூ மில்லர், பென்னி கிரீன், சைரஸ் செஸ்ட்னட் எல்லோரும் அவரிடம் வாட்டி எடுக்கப்பட்டவர்கள். நேற்று வாசித்ததையே இன்றும் வாசித்தால் அவருக்குப் பொறுக்காது. 1993இல் புரூக்ளினில் 'ஜாஸ் அஹெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஊரூராகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் கூடி, சொந்த இசையை எழுதி, அவரோடு மேடையேறினார்கள். மோரனும் அதில் வந்தவர். கார்ட்டர் 1998 செப்டம்பரில் மறைந்தார், திட்டம் அதே ஆண்டிலேயே வாஷிங்டனின் கென்னடி சென்டருக்குப் போயிருந்தது.

வெள்ளி, ஆற்றுக்கு அக்கரை

பஸ்ஸில் சுரங்கப்பாதை வழியே நியூ ஜெர்சியின் வீஹாக்கனுக்குப் போனேன். பியானோ மேதை தெலோனியஸ் மங்க் கடைசி ஆண்டுகளைக் கழித்ததும், பேரி ஹாரிஸ் பல பத்தாண்டுகள் குடியிருந்ததும் இங்கே ஒரே வீட்டில். பன்னோனிகா சீமாட்டி அவர்களுக்குத் திறந்துவிட்ட வீடு. கலைஞனுக்கு வாடகை இல்லாத ஓர் அறை என்பது எத்தனை பெரிய கொடை என்பதைப் புதன்கிழமைக் கணக்குக்குப் பிறகு புரிந்துகொள்ள முடிகிறது.

இன்னும் வடக்கே எங்கிள்வுட் மருத்துவமனை. டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி 1993 ஜனவரியில் அங்கே இறந்தார். இறப்பதற்கு முன், பணமில்லாத ஜாஸ் கலைஞர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். ஜாஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்காவோடு சேர்ந்து அந்த மருத்துவமனை அன்றிலிருந்து இலவச சிகிச்சை தந்துவருகிறது. காப்பீடு இல்லாத கலைஞர்களுக்கு டிஸ்ஸி விட்டுச்சென்ற சொத்து அது.

சனி, குவீன்ஸின் கொரோனா பகுதி

7ஆம் எண் ரயிலில் லூயி ஆம்ஸ்ட்ராங் வீட்டுக்கு. 1943 முதல் 1971இல் இறக்கும்வரை இந்த எளிய செங்கல் வீட்டில்தான் குடியிருந்தார். நீலப் பச்சை நிறத்தில் சமையலறை, மேல்மாடியில் அவருடைய ஒலிநாடாக்கள். எதிர்ச்சாரியில் 2023இல் திறந்த ஆம்ஸ்ட்ராங் மையம். அங்குள்ள காட்சியை அமைத்தவர் ஜேசன் மோரன் என்று பலகையில் கண்டதும் மகிழ்ந்துபோனேன்.

ஜாஸில் குருபக்தி பற்றிப் பேசுபவர்கள் ஆம்ஸ்ட்ராங்கையும் கிங் ஆலிவரையும் முழுதாகப் படிக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் சிறுவன் லூயிக்குக் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) கொடுத்து, வேலைகளைப் பகிர்ந்து கொடுத்தவர் ஆலிவர். 1922இல் தந்தி அடித்து அவரைச் சிகாகோவுக்கு வரவழைத்து இரண்டாம் கார்னெட் வாசிக்கவைத்தார். இப்போதும் அந்தத் தட்டுகளில் இருவரும் சேர்ந்து நழுவும் இடங்கள் மெய்சிலிர்க்க வைக்கும். ஆனால் ஆலிவரோடு இருக்கும்வரை லூயி இரண்டாம் கார்னெட்தான். அதை லூயியிடம் நேருக்கு நேர் சொன்னவர் குழுவின் பியானோ கலைஞரும் லூயியின் மனைவியுமான லில் ஹார்டின். 1924இல் லூயி விலகினார், நியூயார்க் வந்தார். குருவை விட்டுப் போவதும் பாடத்தின் ஒரு பகுதி. எப்போது போக வேண்டும் என்று சொல்பவரும் வழிகாட்டிதான். ஆம்ஸ்ட்ராங்கின் வரலாற்றில் ஹார்டினுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

ஆலிவர் பிறகு பல்லை இழந்தார், குழுவை இழந்தார். 1930களின் இறுதியில் சவானா நகரில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தவரை ஆம்ஸ்ட்ராங் பார்த்து, கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். 1938இல் ஆலிவர் அங்கேயே இறந்தார். அன்று ஜாஸ் ஃபவுண்டேஷன் இல்லை, எங்கிள்வுட் இல்லை.

ஞாயிறு, ஹார்லெம்

ஹாமில்டன் டெரஸ், எண் 63. 1940களில் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் வசித்த அடுக்ககம். கச்சேரி முடிந்த விடியற்காலையில் மங்க், பட் பவல், கில்லெஸ்பி எல்லோரும் எழுதியதைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். அவர் கேட்டுத் திருத்துவார், சோறும் போடுவார். பீபாப் என்ற புது இசைக்கு ஆசிரியை இந்தப் பெண். அவரை ஆண்களின் கதையில் ஓர் அடிக்குறிப்பாக வைத்திருக்கும் நூல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பக்கத்து நாற்காலியில் இருப்பவர் புருவம் உயர்த்தினால்தான் பாடம் என்றால், அந்த நாற்காலிக்கே வரவிடாதவர்களின் கதி என்ன? டிரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பத்து வயதில் டிரம்பெட் மேதை கிளார்க் டெரி அவரை மேடையேற்றினார், பதினோரு வயதில் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரி உதவித்தொகை, பிறகு டிரம்ஸ் மேதை ஜாக் டிஜானெட் துணை. தனக்குக் கிடைத்தது மற்றப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை உணர்ந்து 2018இல் பெர்க்லீயில் ஜாஸுக்கும் பாலின நீதிக்குமான ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 2020இல் ஜென் ஷ்யூவும் சாரா செர்பாவும் 'எம்3' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் குரு என்று ஒருவர் மேலே இல்லை. வெவ்வேறு வயது, வெவ்வேறு ஊர்ப் பெண்களும் பால் வரையறைக்குள் அடங்காதவர்களும் இருவர் இருவராகச் சேர்ந்து புதிதாக ஒன்றைப் படைக்கிறார்கள், ஒருவருக்கொருவர் வழிகாட்டுகிறார்கள். மேலிருந்து அழைப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் தாங்களே அழைத்துக்கொள்வது.

ஜாமில் எல்லோருக்கும் தெரிந்த பாடல்தான் அழைக்கப்படும், அதாவது அடுத்து இதை வாசிப்போம் என்று மேடையில் சொல்லப்படும். எல்லோருக்கும் தெரிந்த பாடல்கள் பெரும்பாலும் ஆண்கள் எழுதியவை. கேரிங்டன் 2022இல் பெண்கள் இயற்றிய 101 பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது இதை மாற்றத்தான். இந்த வாரம் நான் கேட்ட ஜாம்களில் அதிலிருந்து ஒன்றும் ஒலிக்கவில்லை. இன்று மாலை ஹார்லெமில் ஒரு சிறு ஜாமில், பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த இளம் பியானோ கலைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பையைத் திறந்து காட்டினார். சாரா கேஸி எழுதிய பாடல் ஒன்றின் நகல்கள், சாக்ஸபோனுக்கு ஒன்று, டிரம்பெட்டுக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்.

"தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது" என்றார். "அடுத்து என் முறை. இதைத்தான் அழைக்கப் போகிறேன்."

அழைத்தார். பாஸ் கலைஞர் தாளை வாங்கி ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, என்ன வேகம் என்று கேட்டார்.